ஒன்று எடுத்தால் ஒன்று இலவசமா?

சனிக்கிழமை இரவு என்ன நடந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகவே அதை முழுதாக மறுபடியும் சொல்லப் போவதில்லை. மகன் படிக்கும் பள்ளியிலேயே மகளுக்கும் இடம் கிடைத்ததைப் பற்றி விருந்தில் ஒரு நண்பர் சொன்ன, "உங்களுக்கென்னக்கா, ஆடித் தள்ளுபடி மாதிரி ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்ற அந்த ஒரு வாக்கியம் போதும். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, இரவு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டேன். தீரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்குக் கிடைத்திருக்கும் பள்ளி இடம் இலவச இணைப்பு அன்று. அண்ணன் படிக்கும் பள்ளியில் தங்கைக்கு முன்னுரிமை தருவது கொல்லைப்புற வழியும் அன்று. அது விண்ணப்பத்திலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அச்சிட்டு வைத்திருக்கிற விதி.

பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் வசிக்கும் நண்பர்களுக்கு இது புரியாமல் போவதில் வியப்பில்லை. அங்கே வீட்டு முகவரியே பள்ளியைத் தீர்மானித்துவிடுகிறது. தெருமுனைக்கு மஞ்சள் பேருந்தும் வந்துவிடுகிறது. வாஷிங்டன் நகரில் அப்படி இல்லை. இங்கே அரசுச் செலவில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளில், அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில், இருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்கு எல்லை என்று எதுவும் கிடையாது, குலுக்கல்தான். உங்கள் எல்லைக்குரிய பள்ளியில்கூட ஐந்து வயதுக்கான கிண்டர்கார்டன் முதல்தான் இடம் உறுதி. மூன்று வயது, நான்கு வயது வகுப்புகளுக்குப் பெரும்பாலான இடங்களில் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தவிர, நகரம் பள்ளிப் பேருந்து விடுவதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உடன்பிறந்தோர் முன்னுரிமை என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்பதே விளங்கும்.

2014-15 கல்வியாண்டிலிருந்து நகரம் முழுவதற்கும் ஒரே பொதுக் குலுக்கல் நடக்கிறது. விருப்ப வரிசைப்படி பன்னிரண்டு பள்ளிகள் வரை எழுதலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணையும், விருப்ப வரிசையையும், பள்ளிகளின் முன்னுரிமை வரிசையையும் வைத்துப் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்தப் பொருத்தும் கணக்கின் வேர், 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய ஒரு கட்டுரை. அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நோபல் பரிசு வாங்கிய கணக்கு என்று என் கணவர் பெருமையாகச் சொன்னபோது, அந்தக் கணக்கில் காலை ஏழரை மணிக்கு ஷூ போட மறுக்கும் குழந்தை எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகனுக்காக முதன்முதலில் விண்ணப்பித்தோம். பன்னிரண்டு பள்ளிகளையும் நிரப்பினோம். மார்ச் கடைசியில் முடிவு வந்தபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பன்னிரண்டு காத்திருப்பு எண்கள் மட்டும் கிடைத்தன, அவற்றில் மிகச் சிறியதே 37. அடுத்த ஆண்டு மறுபடியும் போட்டோம். ஆறாவதாக எழுதியிருந்த ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. அதற்குக் கீழே எழுதியிருந்த பள்ளிகளின் பட்டியல்களிலிருந்து தானாகவே பெயர் விழுந்துவிட்டது, மேலே இருந்த ஐந்தில் காத்திருப்பு தொடர்ந்தது. எங்கள் முதல் விருப்பப் பள்ளியில் ஏப்ரலில் எண் 9. மே மாதம் 11. ஜூன் நடுவில் 14.

ஆம், பின்னால் போனது. வரிசையில் நிற்பவர்கள் முன்னே நகர்வார்கள் என்று நம்பி வளர்ந்த எனக்கு, நின்ற இடத்திலிருந்தே பின்னால் தள்ளப்படுவது புதிய அனுபவம். தொலைபேசியில் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்கள். பட்டியலில் இருக்கும் ஒரு பிள்ளையின் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அங்கே இடம் கிடைத்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு முன்னுரிமை வந்து, முன்னுரிமை இல்லாதவர்களைத் தாண்டி மேலே போய்விடும். எனக்கு முன்னால் ஐந்து தம்பி தங்கைகள் நுழைந்திருந்தார்கள். ஆகஸ்ட் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை மாலை, நான் மளிகைக் கடையில் கறிவேப்பிலை தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அங்கேயே நின்று அழுதேன். கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உடன்பிறந்தோர் முன்னுரிமையால் அடிபட்டவள் நான் என்பதைச் சொல்லத்தான். அந்த ஜூன் மாதம் நானும் புலம்பினேன், அந்த ஐந்து குடும்பங்களையும் மனத்துக்குள் திட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் வீட்டு விருந்திலும் அந்தப் பிள்ளைகளின் தாயை நிறுத்திவைத்து "ஃப்ரீ" என்று சொல்லவில்லை.

இப்போது மகள் கதைக்கு வருவோம். அண்ணன் அங்கே முதல் வகுப்புக்குப் போகவிருக்கிறான். இவளுக்கு செப்டம்பர் 30-க்குள் மூன்று வயது நிறைகிறது. முன்னுரிமையோடு விண்ணப்பித்தோம். மார்ச் இறுதியில் வந்த முடிவு என்ன தெரியுமா? இடம் இல்லை, காத்திருப்பு எண் 3. ஏனென்றால் எங்களைப் போலவே வீட்டில் இன்னொரு பிள்ளை வைத்திருப்பவர்கள் அந்த வகுப்பின் இடங்களைவிட அதிகமாக இருந்தார்கள். எனவே முன்னுரிமை உள்ளவர்களுக்குள்ளேயே குலுக்கல் நடந்தது. மே மாதம் யாரோ ஊர் மாறிப் போனதால் இடம் வந்தது. முன்னுரிமை என்பது உத்தரவாதம் அன்று. இலவசமாகக் கொடுக்கப்படும் பொருளுக்கு இரண்டு மாதம் யாரும் காத்திருப்பு எண் கொடுப்பதில்லை.

இந்த முன்னுரிமை எங்களுக்கு என்ன தருகிறது என்று கேட்டால், ஒரே வாசலைத் தருகிறது. நாங்கள் இருப்பது பெட்வொர்த்தில். மகனின் பள்ளி புரூக்லேண்டில். இரண்டும் இந்நகரின் பகுதிகள், வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில்தாம். ஆனால் இந்நகரின் ரயில்கள் மையத்தை நோக்கி ஓடுமே தவிர, இந்த இரண்டையும் நேராக இணைப்பதில்லை. நார்த் கேபிடல் தெருவைக் காலை நேரத்தில் குறுக்கே கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மகனை அங்கே விட்டுவிட்டு, மகளை எதிர்த்திசையில் இருக்கும் டேகேரில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும். மாலையில் ஆறு மணி தாண்டினால் டேகேரில் நிமிடத்துக்கு ஒரு டாலர் அபராதம். இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடினேன். அவனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பார்கள். நான் இவளுடைய டேகேர் வாசலில் நிற்பேன். பாட்டி பார்த்துக்கொள்வாள், பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வாள் என்று சொல்ல எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மன்னார்குடியிலிருந்து என் அம்மா வீடியோ அழைப்பில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"அப்படியானால் ஒரே பிள்ளை வைத்திருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்பீர்கள். பாவம் ஒன்றும் செய்யவில்லை. அவர்களுக்கும் ஒரே வாசல்தான். போதும், மேலே போவோம்.

"முதல் பிள்ளைக்காக நிற்பவர்களின் இடத்தைத்தானே எடுத்துக்கொள்கிறீர்கள்?" இதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்த இடத்தில் நின்று பார்த்தவள் நான். சில பள்ளிகளில் மூன்று வயது வகுப்பின் பெரும் பகுதி தம்பி தங்கைகளாலேயே நிரம்பிவிடுகிறது. வறுமையிலும் வீடின்மையிலும் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று சில பள்ளிகள் இப்போது தனி முன்னுரிமை வைத்திருக்கின்றன. அது எல்லாப் பள்ளிகளிலும் வர வேண்டும், அதற்காக எங்களைப் போன்றவர்கள் ஓரிரு இடங்களை இழந்தாலும் சரியே என்றுதான் நினைக்கிறேன். உண்மையாகவே நினைக்கிறேன். ஆனால் சனிக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டவர் வீடற்றவர்களுக்காகக் கவலைப்பட்டுக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்தது நம்மவர்களின் நிரந்தர அறிவுரை: "எதுக்கு இந்தத் தொல்லை, ஆஷ்பர்னுக்கு வந்துடுங்களேன்." அது வர்ஜீனியாப் பக்கம், அங்கே குலுக்கல் இல்லையாம். குலுக்கல் இல்லாமல் இல்லை, ஐயா. அதை வீட்டு விலைக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். நல்ல பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்க முடிந்தவருக்கு முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்று எல்லாருக்கும் இடம் உறுதி. அதற்குப் பெயர் உழைப்பு. கணினி கொடுத்த எண்ணை வைத்து ஐந்து மாதம் காத்திருந்து உள்ளே வந்த எங்களுக்குக் கிடைத்தால், அதற்குப் பெயர் சலுகை. நன்றாக இருக்கிறது கணக்கு.

கொல்லைப்புற வழி என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா? இந்நகரமே அதைப் பார்த்திருக்கிறது. நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன்ட்வான் வில்சன், குலுக்கலைத் தாண்டித் தம் மகளை ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பள்ளிக்கு அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். அதிகாரிகளுக்கு இத்தகைய சலுகை மாற்றங்கள் கூடாது என்ற விதி அவர் பொறுப்பில் இருந்தபோதே வந்ததுதான். செய்தி வெளியானதும் 2018 பிப்ரவரியில் பதவி விலகினார்; கல்வித் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த துணை மேயரும் விலகினார். அது கொல்லைப்புறம். நான் விண்ணப்பத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். அதுவும் இதுவும் ஒன்றா? சென்னையில் விண்ணப்பப் படிவம் வாங்க விடிய விடியப் பள்ளி வாசலில் படுத்துக் கிடந்ததையும், பிறகு "தெரிந்தவர்" ஒருவரைப் பிடித்ததையும் வீரக்கதைபோல் சொல்பவர்கள்தாம் இங்கே விதிமுறை பேசுகிறார்கள்.

சரி. உண்மையில் எது குத்தியது என்று சொல்லிவிடுகிறேன்.

உடன்பிறந்தோர் முன்னுரிமை என்பது எனக்கு இந்த நாட்டில் அறிமுகமானதன்று. எங்கள் வீட்டிலேயே இருந்தது, வேறு வகையில். என் தம்பிக்கு ஐந்து வயது ஆனபோது மன்னார்குடியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் வேன் வரும். டை கட்டிக்கொண்டு ஏறிப் போவான். நான் அதே தெருவில், அதே நேரத்தில், எதிர்த்திசையில் ஒன்றியப் பள்ளிக்கு நடந்து போவேன். என் பள்ளியில் குறை ஒன்றும் இல்லை. எனக்கு எழுத்தைச் சொல்லித்தந்த டீச்சரை இன்றும் கும்பிடுகிறேன். ஆனால் நானும் அந்தப் பள்ளிக்கு வருகிறேன் என்று கேட்டபோது, வேனில் இடம் இல்லை என்று அப்பா சொன்னார். பல ஆண்டுகள் அதை நம்பினேன். தினமும் காலையில் அந்த வேன் கடந்துபோகும்போது உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். சில நாள்களில் பின் இருக்கை முழுதும் காலியாக இருக்கும். இன்றைக்கு யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இடம் இருந்தது, இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டப் பணம் இல்லை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. அப்பா மேல் இப்போது கோபம் இல்லை. இருந்த பணம் ஒரு பிள்ளைக்குத்தான் போதும் என்றால், அது எந்தப் பிள்ளை என்பதற்கு அன்று எங்கள் தெருவில் யாரும் குலுக்கிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகையால், அண்ணன் படிக்கிற இடத்துக்குத் தங்கையும் வரலாம் என்று ஓர் ஊரின் விதி எழுதிவைத்திருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று "ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்றவருக்குத் தெரிய வழியில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நகைச்சுவைக்காகத்தான் சொன்னார் என்று அவருடைய மனைவி மறுநாள் செய்தி அனுப்பியிருந்தார். நானும் சிரிப்பு முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

அவர்களுடைய பையனுக்கு வருகிற ஆண்டு மூன்று வயது. அவர்களும் நகரத்துக்குள்தான் இருக்கிறார்கள். பன்னிரண்டு பள்ளிகளை எந்த வரிசையில் எழுத வேண்டும், ஜூன் மாதம் எண் பின்னால் போனால் யாரை அழைத்துக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் என்னிடம் ஒரு குறிப்பேட்டில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பேன். அதுவரை, சனிக்கிழமை வெஜிடபிள் பிரியாணி கொண்டுவந்த என் பெரிய பாத்திரம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியோடு சேர்த்துத் திருப்பி அனுப்பவும்.