மரவள்ளியைப் பச்சையாகத் தின்ன வேண்டாம்

"மரவள்ளி, சர்க்கரைவள்ளி ரெண்டும் வள்ளிதானே, ரெண்டையும் பச்சையாகவே தின்னலாம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தப்பு, ஆபத்தும்கூட. வள்ளி பொதுப்பெயர், அதை வைத்து உறவு சொல்ல முடியாது. சர்க்கரைவள்ளி தரையில் படரும் கொடி, வள்ளைக்கீரைக்குச் சொந்தம். மரவள்ளி ஆமணக்குக் குடும்பம். குச்சியை ஊன்றி வளர்ப்பதால் நம்ம சேலம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது, தோலில் இன்னும் அதிகம். பழுப்புத் தோலோடு அடியிலுள்ள தடித்த பட்டையையும் சேர்த்து உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெந்த பிறகும் கசந்தால் தின்ன வேண்டாம். மரவள்ளி மாவில் செய்யும் ஜவ்வரிசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆலையில் அரைத்துக் கழுவி மாவைப் பிரிக்கும்போதே அந்த நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். குழந்தைகள் கையில் மட்டும் பச்சைத் துண்டைக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.