இவனுக்கு மூச்சு வாங்குது, மாத்துங்க

எங்கள் வீட்டுக்குப் புது கன்சோல், அதாவது டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடும் பெட்டி, வந்து இரண்டு மாதம் ஆகிறது. புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு. பிளேஸ்டேஷன் 5 உலகத்துக்கு வந்தது 2020 நவம்பரில். அப்போது இங்கே தென்னாப்பிரிக்காவில் டிஸ்க் போடும் மாடலுக்கு 11,999 ராண்ட் என்றார்கள். "விலை இறங்கட்டும், வாங்கலாம்" என்று என் மச்சான் ஐந்து வருடம் காத்திருந்தார். விலை இறங்கவில்லை. அவர் பையன்தான் வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டான். கடைசியில் அவனுடைய பதினைந்தாவது பிறந்தநாளைச் சாக்காக வைத்து வாங்கினோம். பாதிப் பணம் என்னுடையது, ஆகவே விமர்சனம் எழுத எனக்குப் பாதி உரிமையாவது உண்டு.

கூடவே வாங்கியது இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 26 என்ற கால்பந்து வீடியோ கேம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, இன்னும் 'ஃபிஃபா'தான். 1993-இல் தொடங்கிய பெயர், ஃபிஃபா அமைப்போடு இருந்த ஒப்பந்தம் முடிந்து 2023 செப்டம்பரில் மாறியது. பெயர் மாறினால் பழக்கம் மாறுமா? டர்பனில் தெருப் பெயர்கள் எத்தனையோ மாறிவிட்டன, மாமனார் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்.

முதலில் கண்ணுக்குக் கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். வியர்வை தெரிகிறது, முடி தனித்தனியாக ஆடுகிறது, வலையில் பந்து விழுந்தால் வலை நெளிகிறது. பத்து நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தோம். பதினோராவது நிமிடம் பழகிவிட்டது. ஆட்டத்தின் போது நொடிக்கு 60 படம் என்பது பழைய பிளேஸ்டேஷன் 4-லேயே இருந்த சங்கதி. இதில் படம் கூர்மையாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் உடம்பைத் திருப்பும் விதம் மட்டும் நிஜமாகவே தேறியிருக்கிறது. பெயர் மாறிய பின் முதலில் வந்த எஃப்சி 24 காலத்திலிருந்து நிஜமாக நடந்த 180-க்கும் மேற்பட்ட ஆட்டங்களின் அசைவுகளைப் பதிந்து சேர்த்திருக்கிறார்கள். அதன் பலனாக, வேகமாக ஓடி வரும் டிஃபெண்டர் சட்டென்று திரும்ப முடிவதில்லை. இரண்டு எட்டு வைத்து, உடம்பை நிறுத்தித்தான் திரும்புகிறான். அந்த இரண்டு எட்டுக்குள் நீங்கள் அவனைத் தாண்டிவிடலாம்.

காத்திருக்கும் நேரமும் போய்விட்டது. பழைய பெட்டியில் ஆட்டம் ஏறுவதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிடும். இப்போது டீ கிடையாது, நேராக ஆட்டம்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

மாமனாருக்கு எழுபத்தாறு வயது. பிறந்தது நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில். 1960-களில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பியபோது இவரும் ஒரு பந்தோடு வந்து இறங்கினார். கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில், ஆடியவர். ஆடியதைவிட ஆடியதாகச் சொல்வது அதிகம் என்பது மாமியாரின் கருத்து. வீடியோ கேம் என்றால் அவருக்குக் காது வலிக்கும் சத்தம் என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை மச்சான் பீன்ஸ் பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கி வந்தார். பையனுக்குக் கை எல்லாம் குழம்பு. ஆட்டத்தை நிறுத்த மனமில்லாமல் கன்ட்ரோலரைத் தாத்தா மடியில் வைத்து, "ஓடணும்னா ஆள்காட்டி விரலால இதை அழுத்துங்க தாத்தா" என்றான். அவர் அழுத்தினார். விடவே இல்லை. இடது ஓரத்தில் ஒரே ஆளை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினார். எழுபதாவது நிமிடம் வாக்கில் விரலை எடுத்துவிட்டுக் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இது கட்டியா ஆயிடுச்சு?"

ஏதோ உடைந்துவிட்டது, பாதிப் பணம் போச்சு என்று நான் எழுந்தேவிட்டேன். பையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அவன் களைச்சுட்டான் தாத்தா, அதான்" என்றான்.

இந்தக் கன்ட்ரோலரின் விசைகள் இறுகவும் தளரவும் கூடியவை. ஓட்டத்துக்கான விசை, ஆட்டக்காரனின் தெம்பு குறையக் குறைய விரலை எதிர்த்துத் தள்ளும். மாமனார் மறுபடி அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இவனுக்கு மூச்சு வாங்குது, மாத்துங்க" என்றார்.

எத்தனையோ விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். பெரும்பாலானவை இந்த விசை விஷயத்தை ஒரு வரியில், ஏதோ வித்தை போலச் சொல்லிவிட்டுப் படத்தின் அழகுக்குப் போய்விடுகின்றன. எனக்கு இப்போது நேர்மாறாகத் தோன்றுகிறது. பழைய பெட்டியில் அறவே இல்லாத புதுசு என்று எனக்குப் படுவது இந்த விளையாட்டில் இது மட்டும்தான். மற்றதெல்லாம் இருந்ததன் மெருகு. ஐம்பது வருடத்துக்கு முன் ஓடிய காலின் களைப்பை ஒரு பிளாஸ்டிக் விசை ஒரு கிழவரின் விரலுக்கு ஞாபகப்படுத்தியது என்றால், அதைத்தானே முதலில் எழுத வேண்டும்?

ஆனால் பையனைக் கேட்டால் முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்வான். ஆன்லைனில் முகம் தெரியாத ஆளோடு மோதும்போது விரல் ஒரு இம்மி பிந்தினாலும் கோல். "சீரியஸா ஆடுறவங்க யாரும் அதை வச்சுக்க மாட்டாங்க மாமா." அவன் சொல்வதிலும் தப்பில்லை. கன்சோலின் செட்டிங்ஸில் இறுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரேயடியாக நிறுத்தலாம். தயாரித்தவர்களுக்கும் இந்த இரண்டு கூட்டம் இருப்பது தெரிந்திருக்கிறது. இந்தப் பதிப்பில் ஆட்டத்தையே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: ஆன்லைன் மோதலுக்கு வேகமான ஒன்று, ஒரு அணியைச் சீசன் சீசனாக நடத்தும் 'கேரியர்' மாதிரி தனியாக ஆடுபவர்களுக்கு நிஜ ஆட்டத்தின் நிதானத்தோடு ஒன்று. நிதான வகையில் பந்து நடுவில் சிக்கிக்கொள்கிறது, பாஸ் தவறுகிறது, சில சமயம் சலிப்பாகக்கூட இருக்கிறது. கால்பந்து அப்படித்தானே இருக்கும். என் ஓட்டு அதற்கு.

இந்த விளையாட்டுக்குள் இருக்கும் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி பற்றியும் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து பாயிண்ட் வாங்கி, பாயிண்டில் பொதி வாங்கி, பொதிக்குள் எந்த ஆட்டக்காரன் வருவான் என்று பிரித்துப் பார்க்கும் கூத்து. பெல்ஜியத்தில் இது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018-இல் முடிவெடுத்தார்கள், 2019 ஜனவரியோடு அங்கே பாயிண்ட் விற்பனை நின்றது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டு, 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆக, நாட்டுக்கொரு நியாயம். எங்கள் வீட்டு நியாயத்தை மாமனார் ஒரே வாக்கியத்தில் முடித்தார். பையன் பாயிண்ட் வேண்டும் என்று கேட்டபோது, "நான் கிரேவில்ல குதிரை மேல காசு கட்டினப்போ குதிரையாவது கண்ணுக்குத் தெரிஞ்சது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கு இதில் பெரிய ஆத்திரம் எல்லாம் இல்லை. ஆனால் மெனுவைத் திறந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரே சோஃபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் சாதாரண ஆட்டத்துக்கு இந்தப் பதிப்பில் புதிதாக என்ன வந்தது என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் வீட்டில் நடப்பது முக்கால்வாசி அந்த ஆட்டம்தான்.

அடுத்தது எங்கள் ஊர்க்காரர்களின் நிரந்தர மனக்குறை. 2010 உலகக் கோப்பை இங்கே நடந்தபோது அதற்கென்றே தனியாக ஒரு விளையாட்டு வந்தது. 199 நாட்டு அணிகள், பத்து மைதானங்கள், வுவுசேலா ஊதுகுழல் சத்தம், எல்லாம் உள்ளே. எங்கள் மோசஸ் மபிடா மைதானத்தின் வளைவும் இருந்தது. மச்சான் அதைப் பிளேஸ்டேஷன் 3-இல் தேய்த்துத் தேய்த்து ஆடினார். 55-வது நிமிடத்தில் எங்கள் ட்ஷபலாலா அடித்த கோலுக்குப் பிறகு மெக்சிகோ சமன் செய்த அந்தத் தொடக்க ஆட்டத்தைத் தன் வீட்டில் நாலுக்குப் பூஜ்யம் என்று திருத்தி எழுதினார். அப்புறமும் சில வருடம் எங்கள் நாட்டுப் பெரிய கிளப்களான கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரேட்ஸும் 'மற்ற நாடுகள்' என்ற மூலையில் கிடந்தன. இப்போது எங்கள் தேசிய அணியான பஃபானா பஃபானாவைத் தேடினோம், கிடைக்கவில்லை. 2025 அக்டோபரில் ருவாண்டாவை 3-0 என்று வென்று, 2010-க்குப் பிறகு முதல் தடவையாக, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். முதல் ஆட்டம் அதே ஜூன் 11, அதே மெக்சிகோ. வீட்டில் ஒத்திகை பார்க்க அணி இல்லை.

வர்ணனையில் அரபும் ஸ்பானிஷும் உண்டு. தமிழை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் இந்த நாட்டில் அதிகம் பேர் வீட்டில் பேசும் ஜூலுவும் இல்லை. நாங்கள் வர்ணனையை அணைத்துவிட்டோம். மாமனாரே போதும்.

பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். கேரியரில் சொந்தமாக ஒரு கிளப் உருவாக்கி, ஏதாவது ஒரு லீகில் வேறு அணியின் இடத்தில் நுழைக்கலாம். அவன் உருவாக்கியது மேனிங் ரேஞ்சர்ஸ். தெரியாதவர்களுக்கு: 1928-இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய கிளப், பிற்பாடு சாட்ஸ்வொர்த் மைதானமே அதன் வீடு. இந்த நாட்டின் பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் வருடம், 1996-97-இல், சீஃப்ஸ், பைரேட்ஸ் எல்லோரையும் தள்ளிவிட்டுக் கோப்பையைத் தூக்கியது எங்கள் சாட்ஸ்வொர்த் அணிதான். பத்தே வருடத்தில் விற்கப்பட்டு, பெயரும் ஊரும் மாறி இல்லாமல் போனது. மாமனார் அந்தச் சீசனை இன்னும் ஆட்டம் ஆட்டமாகச் சொல்வார்.

இப்போது அந்த அணி இங்கிலாந்தின் நான்காம் பிரிவில் பதினாறாவது இடத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் எல்லாம் கணினி பெற்றெடுத்த பிள்ளைகள், ஒருவனுக்குப் போலந்துப் பெயர், ஒருவனுக்கு போர்ச்சுகல் பெயர். லெஃப்ட் விங்கருக்கு முப்பத்திநான்கு வயது. அவனை விற்றுவிட்டு ஒரு இளைஞனை எடுக்கலாம் என்பது பையனின் கட்சி. விற்கக்கூடாது என்பது யார் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய பிளேஸ்டேஷன் 4 நன்றாக ஓடினால் இதற்காகப் பெட்டி மாற்றாதீர்கள், எஃப்சி 26 அதிலும் வந்திருக்கிறது. விளையாட்டை மட்டும் வாங்குவதானாலும் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், இவை சீக்கிரம் விலை விழும் சரக்கு. காசே வேண்டாம் என்றால் கொனாமியின் இஃபுட்பால் இலவசம். ஆனால் வீட்டில் ஒரு காலத்தில் பந்து ஆடிய பெரியவர் யாராவது இருந்தால், கடையிலோ சொந்தக்காரர் வீட்டிலோ அந்தக் கன்ட்ரோலரை ஒரு ஆட்டம் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

போன சனிக்கிழமை போனபோது பையன் ரகசியமாக விசை இறுக்கத்தை அணைத்து வைத்திருந்தான். இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி ஆகியிருக்கும். மாமனார் ஓட்ட விசையை இரண்டு தடவை விட்டு விட்டு அழுத்திப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தனுக்கும் களைப்பே வரலியே மாப்பிள்ளை, இன்னைக்கு என்ன தின்னுட்டு வந்தானுங்க?"