கம்பிமேல் ஒரு கால்

(மேற்கு மாம்பலம். இரண்டாவது மாடி வீடு. தோளில் ஒயர் சுருளோடு கேபிள்காரர் படியேறி வருகிறார். பாட்டி வாசலிலேயே காத்திருக்கிறார்.)

பாட்டி: வாப்பா. நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு காலைக் கம்பிமேல் வைத்தார். அடுத்த காலை இன்னும் எடுக்கவில்லை.

கேபிள்காரர்: யார் பாட்டிம்மா, பேரனா?

பாட்டி: அவனுக்குத் தரையில் நடக்கவே சோம்பல். இவர் ஃபிலிப் பெத்தி, பிரெஞ்சுக்காரர். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் இருந்ததே, 1974-இல் அந்த மாடிக்கும் இந்த மாடிக்கும் நடுவே கம்பி கட்டி நடந்தவர். கால் வைக்கிறார், உன் நெட் போகிறது.

கேபிள்காரர்: ‘மேன் ஆன் வயர்’தானே? ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம். நான் பார்த்துவிட்டேன். முடிவைச் சொல்லட்டுமா?

பாட்டி: சொன்னால் இந்த மாதப் பணம் கிடையாது.

கேபிள்காரர்: படம் முழுக்க அவரே உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்கிறார். விழுந்திருந்தால் எப்படிச் சொல்வார்?

பாட்டி: அது எனக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரவில்லையே! நூற்றுப் பத்து மாடி. ஏழு எல்.ஐ.சி.யை அடுக்கினாலும் எட்டாது. நான் அதன் லிஃப்டிலேயே கண்ணை மூடிக்கொள்வேன்.

(மொட்டைமாடி. அறுந்த ஒயர் தெருவில் தொங்குகிறது.)

கேபிள்காரர்: லாரி இழுத்துவிட்டது. பரவாயில்லை, எதிர்மாடிக்குப் புது ஒயர் போட்டுவிடலாம். (நூலில் கல்லைக் கட்டுகிறார்.)

பாட்டி: இதென்ன, கல்லா? அவர்கள் வில் வைத்து அம்பு விட்டார்கள். அம்பில் மீன் பிடிக்கிற நரம்பு.

கேபிள்காரர்: தொழில் ஒன்றுதான் பாட்டிம்மா. முதலில் நரம்பு, அதில் கயிறு, கயிற்றில் கம்பி. ஆனால் அவர்கள் கம்பி மட்டும் 200 கிலோ. நடுராத்திரியில் கைநழுவி, இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் தொங்கிவிட்டது. அதைக் கையாலேயே மேலே இழுத்தார்கள். அப்புறம் ஆடாமலிருக்க ஸ்டே வயர் வேறு. விடிவதற்குள் முடிக்க வேண்டும், வாட்ச்மேனுக்கும் தெரியக் கூடாது. இழுத்துக் கட்டினவனைத்தான் கும்பிட வேண்டும். நடப்பது அப்புறம்.

பாட்டி: அப்படியானால் நீயும் நடந்து காட்டேன்.

கேபிள்காரர்: எனக்கு ஏணியில் ஏறினாலே வீட்டில் சாமி கும்பிடுகிறார்கள்.

பாட்டி: அவர் யார் சொல்லைக் கேட்டார்? 1968-இல் பல்வலி என்று டாக்டரிடம் போனாராம். அங்கே கிடந்த பத்திரிகையில் கோபுரத்தின் படம். அப்போது கோபுரமே கட்டவில்லை! பொய்யாக ஒரு தும்மல் போட்டு, சத்தம் கேட்காமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டார்.

கேபிள்காரர்: பல்?

பாட்டி: வலித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். கல்யாணமாகாத பையன், கேட்க யார் இருக்கிறார்கள்?

(கல் பறக்கிறது. எதிர்மாடி வடகத்தில் விழுகிறது. அங்கிருந்து ஒரு கூச்சல்.)

கேபிள்காரர்: மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா! அந்த நூலைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள்! (திரும்பி) எங்களுக்கு வடகத்துக்கே இந்தத் திட்டு. அவரைப் பாருங்கள், இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கிறது, பிடிக்க வந்தால் திரும்பி நடக்கிறார். எட்டு தரம்! முக்கால் மணி நேரம்! நடுவில் கம்பிமேலேயே படுத்து…

பாட்டி: சொல்லாதே என்றேனே!

கேபிள்காரர்: ஐயோ. சரி, தண்டனை என்னவென்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு ஒரு வித்தை காட்டச் சொல்லி வழக்கையே விட்டுவிட்டார்கள். மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க ஆயுசுக்கும் இலவச பாஸ் வேறு.

பாட்டி: மிச்சம் ஏதாவது வைத்திருக்கிறாயா எனக்கு?

(வீட்டுக்குள். டிவி உயிர் பெறுகிறது. கம்பிமேல் கறுப்பு உடையில், கையில் நீளக் கழியோடு பெத்தி. சோபா ஓரத்தில் பாட்டி. அரை நிமிடம் ஆகிறது.)

பாட்டி: தம்பி, மறுபடியும் நின்றுவிட்டது.

கேபிள்காரர்: இல்லையே, பாட்டு கேட்கிறதே.

பாட்டி: ஆள் அசையவில்லையே!

கேபிள்காரர்: அது ஃபோட்டோ பாட்டிம்மா. அவர் நடந்ததை யாரும் வீடியோ எடுக்கவில்லை. ராத்திரி முழுக்கக் கேபிள் இழுத்தவர்களுக்கு கேமராவைத் தூக்கத் தெம்பு எங்கே இருக்கும்?

பாட்டி: நெட் போனால் கேபிள்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கதை சொல்வீர்கள். ஆறு வருடமாக ஆறு கதை நீயே சொல்லியிருக்கிறாய். உட்கார்.

கேபிள்காரர்: இன்னும் நாலு வீடு இருக்கிறது எனக்கு.

பாட்டி: யாராவது அசைகிற வரைக்கும் உட்கார். காபி தருகிறேன்.

(பெத்தி மண்டியிட்டிருக்கிறார். பெத்தி படுத்திருக்கிறார். கேபிள்காரர் காபியை ஆற்றியபடி ரிமோட்டைப் பார்க்கிறார். திரையில் ஒரு போலீஸ்காரர் வருகிறார்.)

கேபிள்காரர்: அதோ, போலீஸ்காரர் பேசுகிறார்! வாய் அசைகிறதா?

பாட்டி: அசைகிறது. மீசையும் அசைகிறது. சரி, நீ கிளம்பு. வடகத்துக்கு மட்டும் எதிர்வீட்டில் பதில் சொல்லிவிட்டுப் போ.