கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சீட்டு

பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றுக்கு முதன்முறை போனபோது, காலையில் கதவு திறந்ததும் நுழைந்து மாலையில் மூடும்வரை நடந்துகொண்டே இருந்தேன். டைனோசர், திமிங்கிலம், பாடம் செய்த யானை, விண்கல், வைரம், பட்டாம்பூச்சி என்று ஒரு கூடத்தையும் விடவில்லை. ஒரு வாரம் கழித்து யோசித்துப் பார்த்தால் எதுவும் தனியாக நினைவில் நிற்கவில்லை. கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. அதில் எந்தப் படத்தைக் காட்டி என்ன விலங்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை எட்டு வயது மகளோடு போனேன். நீண்ட கழுத்து டைனோசர் ஒன்றின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று, "அப்பா, இது நிஜ எலும்பா?" என்று கேட்டாள். யோசிக்காமல் "ஆமாம்" என்றேன். அவள் குனிந்து கம்பிக்குப் பக்கத்தில் இருந்த சீட்டைப் படித்துவிட்டு, "அச்சு எடுத்துச் செஞ்சதுன்னு போட்டிருக்குப்பா" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் முதலில் பார்க்க வேண்டியது சீட்டைத்தான், பொருளை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்ன உயிர், எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில், யார் எடுத்தார்கள் என்ற நான்கு விவரமும் இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் இருப்பது வெறும் அலங்காரப் பொருள். அவை இருந்தால் அதே செத்த பறவை ஒரு சாட்சியாகிவிடுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். முட்டைகளின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேகரிப்பது பலருக்கும் பொழுதுபோக்காக இருந்தது. மரத்திலும் பாறை முகட்டிலும் ஏறி எடுத்து, ஓட்டில் சின்னத் துளை போட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, பஞ்சுப் பெட்டியில் அடுக்குவார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். குற்றமாக்கியது மிகச் சரி. ஆனால் அந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு முட்டைக்கும் எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி வைத்தார்கள். 1950களிலும் 60களிலும் பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் வேகமாகக் குறைந்தன. கூட்டில் முட்டைகள் உடைந்து கிடந்தன, காரணம் பிடிபடவில்லை. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டைகளை எடுத்து அளந்தார், எடை போட்டார், எழுதியிருந்த தேதி வாரியாக வரிசைப்படுத்தினார். 1940களின் பிற்பகுதியில் முட்டை ஓடு திடீரென்று மெலிந்திருந்தது. டிடிடி பூச்சிமருந்து வயல்களில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது அதே காலத்தில்தான். 1967-ல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் ஆய்வாளர்கள் அதே வழியில் போய் அதே முடிவுக்கு வந்தார்கள். 1972-ல் அமெரிக்கா வயல்களில் டிடிடி தெளிப்பதைத் தடை செய்தது. பொரி வல்லூறுகள் மெல்ல மீண்டு வந்து, இன்று பெருநகரங்களின் உயரமான கட்டடங்களில்கூடக் கூடு கட்டுகின்றன.

முட்டையைப் பெட்டிக்குள் வைத்தவருக்கு டிடிடி என்ற பெயரே தெரிந்திருக்காது. அவர் செய்தது தேதியை ஒழுங்காக எழுதியது மட்டும். அந்தத் தேதிதான் ஒரு பறவையினத்தைக் காப்பாற்றியது.

இன்னொன்று. 2017-ல் சிகாகோவில் இரண்டு இளம் ஆய்வாளர்கள் அருங்காட்சியக இழுப்பறைகளில் படுத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளைப் படம் எடுத்து, இறகில் ஒட்டியிருந்த கரியை அளந்தார்கள். ஆண்டுதோறும் பறவை பழைய இறகை உதிர்த்துப் புதிது போடும். அதனால் இறகில் இருக்கும் கரி அந்த ஆண்டுக் காற்றில் இருந்த கரி. நிலக்கரி புகைந்த நகரங்களின் 135 ஆண்டுக் காற்று அப்படியே அந்த இழுப்பறைகளில் பதிவாகியிருந்தது. படத்தில் பழைய பறவைகளின் வெள்ளை வயிறு சாம்பலாகவும் புதியவை பளிச்சென்றும் இருக்கும்.

இதெல்லாம் நடந்தது நாம் சுற்றிப் பார்க்கும் கூடங்களில் இல்லை, பின்னால் இருக்கும் சேமிப்பறைகளில். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கும் மேல். காட்சிக்கு வைத்திருப்பது அதில் மிகச் சொற்பம். நாம் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறோம். எலும்பில் ஒட்டியிருக்கும் சதையைச் சுத்தமாகத் தின்று தீர்க்கவென்றே ஒரு வகை வண்டுகளைப் பல அருங்காட்சியகங்களில் தனி அறையில் வளர்க்கிறார்கள் என்று தெரிந்த நாள் முதல், எந்த எலும்புக்கூட்டைப் பார்த்தாலும் பின்னால் இருக்கும் அந்த அறையின் நினைவு வருகிறது.

லண்டனில் முன்கூடத்தின் கூரையில் 25 மீட்டர் நீளத்தில் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நிஜ எலும்பு. 1891-ல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. அதன் வாயில் பல்லுக்குப் பதிலாக, இரையை வடிகட்டும் சல்லடைபோல் இருந்த பலீன் தகடுகளையும் யாரோ வீசாமல் பத்திரப்படுத்தினார்கள். நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவற்றைச் சோதித்து, அந்தத் திமிங்கிலம் கடைசி ஏழு ஆண்டுகளில் கடலில் எப்படி வலசை போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது போய்ச் சேருகிறது?

நகலைக் காட்சிக்கு வைப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த முன்கூடத்தில் திமிங்கிலத்துக்கு முன்பு பல ஆண்டுகள் நின்ற டிப்ளோடோகஸ் என்ற டைனோசர், அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905-ல் கொடுத்த பிளாஸ்டர் வார்ப்பு. மூல எலும்புகள் பிட்ஸ்பர்கில் இருக்கின்றன. அந்த வார்ப்பைப் பார்த்து ஆய்வாளர் ஆகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட குழந்தைகள் எத்தனையோ. சிகாகோவின் 'சூ' என்ற டைரனோசரஸில் பெரும்பாலானவை நிஜ எலும்புகள், ஆனால் உடம்பின் மேல் இருக்கும் மண்டை ஓடு நகல். நிஜ மண்டை ஓட்டின் கனத்தை அந்தச் சட்டகம் தாங்காது என்று பக்கத்தில் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எது நிஜம், எது நகல் என்பதை ஒரு குழந்தையின் கண் உயரத்தில், பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது மட்டுமே நான் கேட்பது.

ஆனால் போக்கு எதிர்த் திசையில் போகிறது. சமீபத்தில் நான் போன ஓர் அருங்காட்சியகத்தில் பூச்சிகள் பிரிவைப் புதுப்பித்திருந்தார்கள். அழகான விளக்கு, கறுப்புப் பின்னணி, நடுவே மின்னும் வண்டுகள். ஒன்றின் கீழும் சீட்டு இல்லை. விவரம் எல்லாம் தொடுதிரையில் இருக்கிறதாம், தொடுதிரை அன்று இயங்கவில்லை. இயங்கியிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். பெயரில்லாத நூறு வண்டுகளுக்கு முன்னால் நின்றபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நகைக்கடை ஜன்னலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சீட்டு இருந்தாலும் அது முழு உண்மையைச் சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெர்லின் அருங்காட்சியகத்தில் 13 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஜிராஃபடைட்டன் என்ற டைனோசரின் எலும்புகள் இன்றைய தான்சானியாவின் டெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை தோண்டப்பட்டவை. அது அன்று ஜெர்மன் காலனி. மண்ணைத் தோண்டியவர்களும், 200 டன்னுக்கும் மேற்பட்ட சுமையைப் பல நாள் நடந்து லிண்டி துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உள்ளூர் மக்கள், நூற்றுக்கணக்கானவர்கள். 'யார் எடுத்தார்கள்' என்ற வரியில் நெடுங்காலம் இடம் பிடித்தவை பேராசிரியர்களின் பெயர்கள்தான். அந்த வரி இனி நீள வேண்டும்.

கொன்றவர் யார் என்பதையும் மறைக்கக் கூடாது. நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்க விலங்குகள் கூடத்தை உருவாக்கிய கார்ல் ஏக்லி, 1921-ல் காங்கோவில் அந்தக் கூடத்துக்காகக் கொரில்லாக்களைச் சுட்டவர். அவற்றை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று பெல்ஜிய மன்னரிடம் வாதாடியவரும் அவரே. 1925-ல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது, இன்றைய விருங்கா. அடுத்த ஆண்டே அந்த மலைகளில் அவர் இறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்கும்போது சுட்டதும் காத்ததும் இரண்டுமே தெரிய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அது பொய்.

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனீரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அது தொடங்கி 200 ஆண்டு நிறைந்த அதே ஆண்டு. சுமார் 2 கோடிப் பொருட்கள் கொண்ட சேகரிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவதைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். லூசியா என்று பெயரிட்ட, 11,000 ஆண்டுகளுக்கும் பழைய பெண்ணின் மண்டை ஓட்டுத் துண்டுகளைச் சாம்பலில் இருந்து பொறுக்கி எடுத்தார்கள். பூச்சிகளை எங்கே போய்ப் பொறுக்குவது? ஒரு வண்டைத் திரும்பப் பிடித்துவிடலாம், 1890-ல் அந்தக் காட்டில் அது இருந்தது என்ற சாட்சியைத் திரும்பப் பிடிக்க முடியாது. புதுக் கூடம் திறக்க நாடா வெட்டுபவர்கள், சேமிப்பறையின் மின்கம்பிக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் முதலில் பணம் கொடுக்கட்டும்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஒரு நாளைக்கு ஒரு கூடம் போதும். அதிலும் ஒரு பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள், எல்லாச் சீட்டையும் படியுங்கள். முழுக் கட்டடத்தையும் முடிக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மகளும் நானும் பறவைகள் கூடத்துக்கு மட்டும் போனோம். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு சிட்டு, காலில் நூலால் கட்டிய பழுப்புச் சீட்டு, மங்கிய மசியில் 1903-ஆம் ஆண்டின் ஒரு தேதி. அவள் அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "அன்னைக்கு மழை பெஞ்சுதான்னு எழுதலையேப்பா" என்றாள். எனக்குத் தெரியவில்லை, அங்கிருந்த பணியாளரிடம் போய்க் கேட்டோம். "பிடித்தவருடைய குறிப்பேட்டில் எழுதியிருப்பார்மா, அதெல்லாம் உள்ளே இருக்கு" என்று அவர் கூடத்தின் கடைசியில் இருந்த ஒரு சாம்பல் நிறக் கதவைக் காட்டினார். அவள் நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் 'மழை' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.