ஆற்றிலிருந்து இருநூறு அடி தள்ளி

மே மாதம் பிறந்தால் போதும், அமெரிக்காவின் கொலராடோவில் டென்வர், ஃபோர்ட் காலின்ஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் கேம்பிங் பேச்சு தொடங்கிவிடும். எந்த வாரம், எத்தனை குடும்பம், யாரிடம் பெரிய அடுப்பு இருக்கிறது என்று எல்லாவற்றிலும் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி: "டென்ட் ஆத்தோரமா இருக்கணும்." நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆற்றை ஒட்டிப் படுக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது, பாத்திரம் கழுவவும் கூடாது, எல்லாம் இருநூறு அடி, அதாவது சுமார் எழுபது தப்படி, தள்ளித்தான் என்று சொல்கிறவன். வருஷா வருஷம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதால் இந்த முறை மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். குழாய், கரன்ட், குளியலறை எல்லாம் உள்ள கேம்ப்கிரவுண்டைப் பற்றி நான் பேசவில்லை. 'ப்ரிமிடிவ் குரூப் சைட்' என்று போட்டிருக்கும் இடங்களைப் பற்றிப் பேசுகிறேன். மலை இடுக்கில் ஆற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சமதரை, நடுவில் ஒரு இரும்பு நெருப்பு வளையம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு மேசை. கழிப்பறை இருந்தால் அது குழிக் கழிப்பறை. பல இடங்களில் அதுவும் கிடையாது. குடிதண்ணீரை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். போனில் ஒரு கோடுகூட வராது. ஆனால் முழு இடமும் நம் குழுவுக்கே. பிள்ளைகள் கத்தலாம், பெரியவர்கள் சீட்டு ஆடலாம், பக்கத்து வண்டிக்காரர் முறைக்க மாட்டார். அமெரிக்காவில் எனக்குப் பிடித்த பொதுச்சொத்துகளில் இது ஒன்று.

எங்களுக்குப் பக்கம் பூடர் கேன்யன், பூடர் ஆறு ஓடும் மலைப் பள்ளத்தாக்கு. ஆற்றின் முழுப் பெயர் கேஷ் லா பூடர். ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் உயரத்தில் பிறந்து, பாறைச் சுவர்களுக்கு நடுவே இறங்கி ஃபோர்ட் காலின்ஸ் வழியாக ஓடுகிற ஆறு. வெயில் படும் சரிவில் பொண்டரோசா பைன் மரங்கள். பட்டையில் மூக்கை வைத்தால் வனிலா வாசனை வரும். எதிர்ச்சரிவில் டக்ளஸ் ஃபர், கரையில் வில்லோ புதர். 1986-இல் மத்திய அரசு இந்த ஆற்றின் பெரும் பகுதியை அணை கட்டாமல் அப்படியே ஓட விட வேண்டிய ஆறுகளின் பட்டியலில் சேர்த்தது. கொலராடோவிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது இது ஒன்றுதான். அதனால் பாதுகாப்பான ஆறு என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மேலே பெய்வதும் உருகுவதும் அப்படியே கீழே வரும்.

ஜூனில் மலை உச்சிப் பனி உருகுகிறது. மதிய வெயிலில் உருகும் தண்ணீர் கேன்யனுக்குள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். மாலையில் காலை நனைத்துவிட்டு வந்த கல், ராத்திரி பார்த்தால் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அந்தத் தண்ணீர் ஐஸ். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. ஜூலை, ஆகஸ்டில் பனி முடிந்துவிடும், ஆறு சாதுவாகிவிடும், நம் ஆட்கள் கூட்டமாகக் கிளம்புவதும் அப்போதுதான். ஆனால் மதியத்துக்கு மேல் இடி மழை வருவதும் அதே மாதங்களில்தான்.

1976 ஜூலை 31 பற்றி இங்கே பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பூடருக்குத் தெற்கே இருக்கும் பிக் தாம்சன் கேன்யன். சனிக்கிழமை. மறுநாள் கொலராடோ மாநிலமாகி நூறு வருஷம் முடிகிறது, விடுமுறைக் கூட்டம். சாயங்காலம் எஸ்டஸ் பார்க் பக்கம் ஒரு மேகம் வந்து நகராமல் நின்றுகொண்டது. சுமார் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 12 அங்குல மழை. அந்த ஊருக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழைக்குக் கொஞ்சம்தான் குறைவு. கேன்யனின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்குச் சொல்லும்படி மழையே இல்லை. அவர்களை நோக்கி இருட்டில் 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் இறங்கி வந்தது. 144 பேர் இறந்துபோனார்கள். காரை எடுத்துக்கொண்டு தண்ணீரை முந்திவிடலாம் என்று கிளம்பிய பலர் சாலையோடு சேர்த்து அடித்துச் செல்லப்பட்டார்கள். காரை விட்டுவிட்டுப் பாறையில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். இந்தப் பக்கத்துக் கேன்யன் சாலைகளில் ஒரு மனிதன் சரிவில் ஏறுகிற மாதிரிப் படம் போட்டு, வெள்ளம் வந்தால் மேலே ஏறு என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது அந்த ராத்திரிக்குப் பிறகு வந்தது. நாம் அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்.

"அது அந்தக் காலம் அண்ணா, இப்ப எல்லாத்துக்கும் அலர்ட் வருது" என்று போன வருஷம் ஒரு தம்பி சொன்னார். சரி, 2010-ஐ எடுத்துக்கொள்வோம். ஆர்கன்சாவில் வாஷிட்டா தேசிய வனத்துக்குள் ஆல்பர்ட் பைக் என்று ஒரு கேம்ப்கிரவுண்ட். மலை, காடு, நடுவே லிட்டில் மிசௌரி ஆறு. ஜூன் 11 விடிவதற்கு முன், எல்லாரும் தூங்கும் நேரத்தில், மூன்று அடி ஓடிக்கொண்டிருந்த ஆறு சில மணி நேரத்தில் 23 அடியைத் தாண்டியது. 20 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. வானிலைத் துறை எச்சரிக்கை விடாமல் இல்லை. விட்டது. அந்தப் பள்ளத்தில் அதைக் கேட்க சிக்னல் இல்லை. 2025 ஜூலை 4 அன்று டெக்சாஸில் குவாடலூப்பே ஆற்றங்கரையில் வந்த வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரே ஒரு கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களுடைய வழிகாட்டிகளுமாக 27 பேர் இறந்தார்கள். அலர்ட் எல்லாம் உள்ள காலம்தான் அது.

நம் பூடரிலேயே நடந்திருக்கிறது. 2020-இல் கேமரன் பீக் தீ இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. கொலராடோ பார்த்ததிலேயே பெரிய காட்டுத்தீ. கடுமையாக எரிந்த மண் தண்ணீரை உறிஞ்சாது, கூரை ஓடு மாதிரி வழிய விட்டுவிடும். மறுவருஷம் ஜூலை 20 அன்று பிளாக் ஹாலோ பக்கம் மழை பெய்தது. சாம்பலும் மரமும் பாறையும் சேற்றோடு உருண்டு வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நான்கு பேர் இறந்தார்கள். நாம் வார இறுதிக்குப் போகிற அதே சாலைதான்.

குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. மேலே மலையில் கறுத்தால் அருவியில் கூட்டத்தை வெளியேற்றுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அந்த அவகாசம்கூடக் கிடைக்காமல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். ஊரில் காட்டாற்றுக்குப் பயப்படுகிற அதே மனிதர்கள் இங்கே வந்ததும், வனத்துறை ஒரு பலகை வைத்துவிட்டது என்பதற்காக ஆற்றை நீச்சல் குளமாக நினைத்துக்கொள்வது எனக்குப் புரிவதே இல்லை.

எதிர்த்தரப்பு வாதம் எனக்கு மனப்பாடம். "ஆத்துச் சத்தத்துல தூங்கத்தானே வந்தோம்?" எழுபது தப்படி தள்ளிப் படுத்தாலும் ஆற்றுச் சத்தம் கேட்கும். பக்கத்தில் படுத்தால் அது ஒன்றுதான் கேட்கும்: மேலே இடித்தாலும் கேட்காது, பக்கத்து டென்ட்காரர் கத்தினாலும் கேட்காது, குழந்தை ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே போனாலும் கேட்காது. அதோடு ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து கேன்யனின் அடியில் போய்த் தங்கும். ஆற்றை ஒட்டி டென்ட் அடித்தவர்கள் காலையில் ஸ்லீப்பிங் பேக்கைக் கொடியில் போட்டுப் பிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்திட்டில் படுத்தவர்கள் அந்த நேரம் காபி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இடத்துக்குப் போனதும், வெளிச்சம் இருக்கும்போதே, கரையோரப் புதர்களைக் குனிந்து பாருங்கள். வில்லோக் கிளைகளில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த புல், குச்சி, பைன் ஊசி எல்லாம் ஒரே திசையில் செருகிக்கொண்டு நிற்கும். பறவைக் கூடு என்று ஒரு நண்பர் படம் எடுத்தார். ஆறு முன்பு ஒரு முறை அந்த உயரம் வரை வந்துவிட்டுப் போனதற்கான அடையாளம் அது. அதற்கும் மேலே போய்த்தான் முதல் டென்ட்.

வெள்ளம் மட்டும்தான் காரணம் என்றால் "செப்டம்பர்ல போலாம்" என்று முடித்துவிடுவீர்கள். அதே இருநூறு அடி நம்மிடமிருந்து ஆற்றைக் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. முப்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தை ஆற்றில் கழுவினால் என்ன ஆகும்? முந்தின குழு காலி செய்துவிட்டுப் போன இடத்துக்கு ஒரு தடவை போய்ச் சேர்ந்தோம். கல்லிடுக்கில் பாஸ்மதிச் சோறு ஊறிப் பருத்து வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. ஓரத்துத் தேங்கல் தண்ணீரில் மஞ்சள் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கிறது. நடுவில் ஒரு பிரியாணி இலை. வந்துவிட்டுப் போனது யார் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஃபோர்ட் காலின்ஸ்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். நகரத்துக் குடிதண்ணீரில் ஏறக்குறைய பாதி பூடரிலிருந்துதான் வருகிறது. அண்டா கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்து நமக்கே பில் போட்டு அனுப்புகிறார்கள்.

"மக்கும் சோப்புதானே" என்பார்கள். அந்தச் சோப்பு மண்ணில் விழுந்தால்தான் மக்கும். ஆற்றில் மற்ற சோப்பு செய்கிற கெடுதலில் பெரும்பகுதியை அதுவும் செய்யும். நாங்கள் செய்வது இதுதான்: பாத்திரத்தை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்து, அந்தக் காகிதத்தையும் மிச்சச் சோற்றையும் குப்பைப் பையில் கட்டிவிடுவோம். ஒரு பெரிய டப்பில் சுடுதண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் சோப்பு. கழுவிய தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்து, ஆற்றிலிருந்து தள்ளிப் போய் வீசித் தெளித்துவிட வேண்டும். இந்தப் பக்கம் கருங்கரடி உண்டு. நெய் வாசனையும் மீன் வறுவல் வாசனையும் நாம் நினைக்கிற தூரத்தைவிட அதிகம் போகும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் பல சமயம் அதைச் சுட்டுவிடுகிறார்கள். அதனால் சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட் எல்லாம் ராத்திரி காருக்குள், கதவு பூட்டி.

அடுத்த விஷயம் பேசக் கூச்சப்படுவதால்தான் கெட்டுப்போகிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் ஆற்றிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்து மூட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாலு பேருக்கு இது சரி. முப்பது பேர் இரண்டு நாள் ஒரே சமதரையைச் சுற்றிக் குழி தோண்டினால் அது காடா? அதனால் பெரிய குழுவுக்கு மடக்குக் கழிப்பறையும் அதற்கொரு சின்ன டென்டும், கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட பைகளும் கட்டாயம். பையைக் கட்டி எடுத்து வந்துவிடலாம். செலவு பெரிதில்லை, பிரியாணிக்கு ஆகும் மட்டன் காசைவிடக் குறைவு. பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் இரண்டு நாளை ஓட்டுவதும் இந்த ஏற்பாடு இல்லாததால்தான். அதை யாரும் குழுவில் எழுத மாட்டார்கள், அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார்கள். ஏற்பாடு செய்கிற ஆண்கள் இதை முதல் வரியில் எழுத வேண்டும், பட்டியலின் கடைசியில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதில் எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள்தான். தேனிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவிடம் குழி தோண்டும் கரண்டியைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தோம். வாங்கித் திருப்பிப் பார்த்தார். "களைக்கொத்து மாதிரி இருக்கு. இதுக்கா தம்பி இம்புட்டு யோசனை?" என்று சொல்லிவிட்டு மேட்டுப் பக்கம் நடந்துவிட்டார். சாஃப்ட்வேர் மருமகன்தான் முக்கால் மணி நேரம் ஓட்டி ஒரு பெட்ரோல் பங்கைத் தேடிப் போனார்.

ஸ்பீக்கர், ஜெனரேட்டர் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான். நெருப்புத் தடை இருக்கும் நாட்களில் விறகை மறந்துவிடுங்கள். கேஸ் அடுப்புக்காவது அனுமதி உண்டா என்று கிளம்பும் அன்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பகலில் போகலாம், நாற்காலி போட்டு உட்காரலாம், பிள்ளைகள் கரையில் விளையாடலாம். லைஃப் ஜாக்கெட்டோடு, போனைப் பார்க்காத ஒரு பெரியவரின் கண் எதிரில். மணிக்கு ஒருவராக ஆள் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் கணக்கு.

இந்த ஜூலைக்கு இடம் போட்டாகிவிட்டது. டென்ட் அடிக்கும் பகுதியை நான் முன்னாடியே போய்க் கயிறு கட்டிக் காட்டிவிடுவேன், பொண்டரோசாக்களுக்கு நடுவே, மேல்திட்டில். தரை கொஞ்சம் சரிவு. தடிமனான மெத்தை கொண்டுவாருங்கள். வந்து இறங்கியதும் சமையலுக்கு முன் எல்லாரும், பாட்டி தாத்தா உட்பட, பின்னால் இருக்கும் சரிவில் ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். இருட்டில் எந்த வழியாக ஏறுவது என்று கால்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. தண்ணீரை ஒட்டித்தான் படுப்பேன் என்பவர்களுக்கு எஸ்டஸ் பார்க்கில் ஆற்றைப் பார்த்த மாதிரி லாட்ஜ்கள் இருக்கின்றன. மாடி அறையாகக் கேட்டு வாங்குங்கள்.