ரோட்டில் செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்

நேற்று ஆரோக்கியநாதர் சிற்றாலய வாசலில் நடந்ததன் வீடியோ எல்லாருக்கும் வந்திருக்கும். ஆகஸ்ட் 29-ம் தேதி கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நடந்துபோகிற சர்க்கரை நோயாளி அம்மாவிடம், "செருப்பு போட்டு நடந்தா அது நேர்ச்சையா?" என்று கத்திக் கழற்ற வைத்தவருக்குத்தான் இந்தப் பதிவு.

கோயிலுக்குள் கழற்றச் சொல்லுங்கள். ரோட்டில் சொல்லாதீர்கள்.

சர்க்கரை முற்றினால் பலருக்குப் பாதம் மரத்துவிடும். தார் சுடுவது தெரியாது, கல் குத்துவது தெரியாது. ராத்திரி கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். கொப்புளம் உடைந்து புழுதி ஏறிச் சீழ் பிடித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

"தாத்தா காலத்துல வெறுங்கால்லதான் போனாங்க" என்பீர்கள். போனார்கள், மண்பாதையில். ஆகஸ்ட் மதியத் தாரில் இல்லை. "அப்படின்னா பஸ்ல போகட்டும்" என்பீர்கள். பொருத்தனை அவருடையது. நடக்கலாமா என்று அவரும் டாக்டரும் முடிவு செய்யட்டும். நீங்கள் யார்?

உதவ மனமிருந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. விடிகாலை 4 மணிக்குக் கிளப்பி 9 மணிக்குள் நிழலில் உட்கார வையுங்கள். பழகின செருப்புதான் நல்லது, புதுசு முதல் நாளே கடிக்கும். தங்குகிற இடத்திலெல்லாம் இன்னொருவர் டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கணும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, சுத்தமான துணியால் கட்டுங்கள். மந்திரித்த எண்ணெயை நெற்றியில் பூசுங்கள், புண்ணில் ஊற்றாதீர்கள்.

இதைவிட ஆபத்து, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஒருசந்தி நோன்பு இருப்பது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு விசுவாசம் இல்லை என்று இதற்குள் யாராவது எழுதியிருப்பீர்கள். 16-ம் தேதி திருவிழாவில் மாலை போட்டீர்களே, அந்த ஆரோக்கியநாதர் சிலையை நிமிர்ந்து பார்த்தீர்களா? தொடையில் புண். பக்கத்தில் ரொட்டியைக் கவ்விய நாய். கொள்ளைநோய்க்காரர்களுக்குப் பணிவிடை செய்து, அதே நோய் தனக்கும் வந்து காட்டில் கிடந்தவருக்கு ஒரு நாய்தான் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்பார்கள். அவர் வாசலில் நின்றுகொண்டு, புண் வந்துவிடுமே என்று பயந்து செருப்பு போட்ட பெண்ணை அழ வைத்தீர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீலப் பட்டை வைத்த செருப்பு, 7-ம் நம்பர், இன்னும் அங்கேயே கிடக்கிறது. அந்த அம்மா வெறுங்காலோடு கடலூர்ப் பக்கம் போயிருக்கிறார். சிதம்பரம் ரோட்டில் யாராவது பார்த்தால் முதலில் நிழலில் உட்கார வைத்துக் காலைப் பாருங்கள். செருப்புக்கான பணத்தை நான் அனுப்புகிறேன்.