கேள்வி திரும்பி வரும் வழி

மழை விடுமுறை அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் என் அக்காள் மகளின் வகுப்புக் குழுவில் கூகுள் மீட் இணைப்பு வந்து விழுந்தது. நான்கு பாடவேளை, நான்கும் நேரலை. அந்த வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அதுவும் காலையில் அவள் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2020-இல் பட்ட பாடெல்லாம் அதற்குள் மறந்துவிட்டதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் ஜூமில்தான் தொடங்கினேன். 31 பிள்ளைகளில் 6 பேர் வந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். அதில் பாதி, "கேட்கிறதா, தெரிகிறதா" என்பதிலேயே கரைந்திருக்கும்.

பள்ளிப் பாடங்களை ஒளிபரப்பும் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்டிலேயே வந்துவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1975-இல் சைட் என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனைத் திட்டத்தின் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே நிகழ்ச்சிகள் போன காலம் தொட்டு, எட்டாத ஊரையும் எட்டுவதுதான் இந்த ஊடகத்தின் பலம். டேட்டா தீரும் என்ற கவலை இல்லை. ஆனால் ஒரு வரி புரியவில்லை என்று பிள்ளை கையைத் தூக்கினால் டிவிக்குத் தெரியாது. பாடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப் குரல்பதிவு. கணக்கைச் சிலேட்டில் எழுதி ஒரு படம், அதை விளக்கி மூன்று நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். நேரலை வகுப்பு ஒரு மணி நேரத்தில் பல நூறு எம்பி டேட்டாவை விழுங்கும். இது ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். அப்பா இரவு எட்டு மணிக்கு வந்தாலும் பாடம் காத்திருக்கும். நான்கு முறை கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வடிவியலுக்கு இது உதவவில்லை. செல்போனே இல்லாத வீடுகளுக்குத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனேன்.

வகுப்பில் ஆண்டு முழுவதும் வாயே திறக்காத ஒரு சிறுமியின் குரல் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு வந்தது. பின்னால் தறிச் சத்தம். "சார், கழித்தல் குறி அந்தப் பக்கம் போனால் ஏன் கூட்டலாக மாறுகிறது?" பன்னிரண்டு ஆண்டுகளாக "மாறும்" என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. குறி எங்கும் போகவில்லை, தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையைச் சேர்க்கிறோம் என்று அன்றிரவுதான் முதன்முறையாக விளக்கினேன். மறுநாள் அதே சந்தேகத்தோடு இன்னும் ஐந்து குரல்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன், செல்போன் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் என்று பெற்றோரிடம் கேளுங்கள். பிள்ளையின் கேள்வி உங்களிடம் எப்படித் திரும்பி வரும் என்று யோசியுங்கள்.

அக்காள் மகளின் ஆசிரியையிடம் நேற்றுப் பேசினேன். பாடத்தைப் பதிவுசெய்து மாலையில் அனுப்ப அவருக்கும் விருப்பம்தான். நேரலையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கைத்தான் நிர்வாகம் தினமும் கேட்கிறதாம்.